காய்ந்த தாரில் மட்டும்

சென்தாய்
1993 ஜனவரி 24

அண்ணாவுக்கு,

குளிர் கடுமையாக இருக்கும் இந்த நாட்களில் நலமா என்று தொடங்குவதுதான் முறை. நீங்கள் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நேற்றுத் தபாலில் தேயிலைப் பெட்டி வந்தது. கூடவே ஓர் அச்சடித்த அட்டை. "என் மனைவி சுமியேயின் இறுதிச் சடங்குக்கு வந்து ஆறுதல் சொன்னதற்கு நன்றி" என்று உங்கள் பெயரில். அடியில் கையால் எழுதிய ஓர் எழுத்தாவது இருக்குமா என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை. கூடப் பிறந்தவளுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்காரருக்கும் ஒரே அட்டை. தேயிலை நல்ல வாசனையாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் இறங்கவில்லை.

போன் அடித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் கம்பியைப் பிடுங்கிவிட்டீர்கள் என்று பக்கத்து வீட்டு ஓபாவின் மனைவி சொன்னாள். அதனால்தான் கடிதம்.

சடங்கன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு பக்கமும் உட்காரப் போட்ட மெத்தைகள் காலியாகக் கிடந்தன. ஊர்க்காரர்களில் ஒருவர் என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார்: "டயர்ல இருந்த முள்ளப் புடுங்கச் சொன்னாங்க. இப்ப நம்ம ஊர்ப் பொண்ணு போயிட்டா. திருப்தியா?" நான் தலையைக் குனிந்துகொண்டு போய் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்கள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. பனியில் வழுக்காமலிருக்க இரும்பு முள் பதித்த அந்த முள் டயர் கூடாது என்று வருஷக்கணக்கில் ரயில் நிலைய வாசலில் நின்று கையெழுத்து வாங்கியவள் நான். சட்டம் வந்தது. போன வசந்தத்திலிருந்து மீறினால் அபராதம் என்றும் ஆனது. அபராதம் வந்த முதல் குளிர்காலத்திலேயே அண்ணி கணவாயில் கார் வழுக்கிப் போய்விட்டார். என்னைத் திட்டாமல் யாரைத் திட்டுவார்கள்?

உங்கள் ஊரில் பனி உருகிய பிறகுதான் எரித்தெடுத்த எலும்பைக் கல்லறையில் வைக்க முடியும். அன்றைக்கு நான் வரலாமா? வேறு எதற்கும் பதில் வேண்டாம். இதற்கு மட்டும் எழுதுங்கள்.

தொமோயே

*

தொச்சிகுபோ
பிப்ரவரி 3

தொமோயேவுக்கு,

அட்டையைக் கடைக்காரன் அச்சடித்து அவனே அனுப்பினான். யாருக்கு எது போனது என்று நான் பார்க்கவில்லை.

பனி சன்னல் வரை வந்துவிட்டது. கல்லறை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. எலும்புப் பெட்டி பூஜை மாடத்துக்கு முன்னால் இருக்கிறது, வெள்ளைத் துணி சுற்றி. தினமும் அதன்முன் ஒரு கிண்ணம் சோறு வைக்கிறேன். ஆறியதும் அதையே எடுத்து நான் சாப்பிடுகிறேன். அவள் போட்டு வைத்த முள்ளங்கி ஊறுகாய் இன்னும் ஒரு வாளி இருக்கிறது. உப்பாக இருக்கிறதா, புளிப்பாக இருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுகையும் வரவில்லை. "கென்ஸோ கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான்" என்று ஓபா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். சரியாகத்தான் சொல்கிறான்.

ஓபாவின் மகன்தான் வந்து கூரைப் பனியைத் தள்ளிவிட்டுப் போகிறான். சும்மா செய்யவில்லை. மலையில் இருக்கிறவர்களின் வண்டிகளுக்கு முள் டயர் தடையிலிருந்து விலக்கு வேண்டும் என்று மார்ச் மாதம் ஒரு மனு கொடுக்கப் போகிறார்கள். அதில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டுமாம். ஓபா வந்து என் எதிரே உட்கார்ந்து சொன்னான், "நீ ஒண்ணும் பேச வேணாம்டா. பேரை மட்டும் எழுது. செத்தவ புருஷனே கேக்குறான்னா எவன் மறுத்துப் பேசுவான்?" நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

நீ வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

கென்ஸோ

*

சென்தாய்
பிப்ரவரி 10

அண்ணாவுக்கு,

வேண்டாம். ஒரே சொல். சின்ன வயதில் உங்கள் பட்டத்தைத் தொடட்டுமா என்று கேட்டால் இப்படித்தான் சொல்வீர்கள். அப்போதாவது உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்வீர்கள், பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

மனுவுக்குப் பயந்துகொண்டுதான் இவள் விழுந்து விழுந்து கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். பயம் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். உங்கள் பெயர் அதில் முதலில் இருந்தால், செய்தித்தாள்காரர்கள் என் வாசலுக்கும் வருவார்கள். அண்ணனே தங்கைக்கு எதிராக என்று எழுதுவார்கள். ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை.

என் மிஹோ கைக்குழந்தையாக இருந்த குளிர்காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கே சென்தாயில் ஓடிய எல்லா வண்டியிலும் முள். தாரைச் சுரண்டிச் சுரண்டித் தூளாக்கிக் காற்றில் விட்டது. காயப்போட்ட துணியைச் சாயங்காலம் எடுத்தால் சாம்பல் நிறம். பிள்ளை இருமினால் கைக்குட்டையில் கறுப்பு. டாக்டர், ஊரை விட்டுப் போங்கள் என்றார். எங்கே போவது? உங்களிடம்தான் கொண்டுவந்து விட்டேன். குளிர்காலம் முழுக்க அண்ணி அவளை முதுகில் கட்டிக்கொண்டே வீட்டு வேலை செய்தார். அடுத்த குளிர்காலமும் அப்படித்தான். நாங்கள் கையெழுத்து இயக்கம் ஆரம்பித்தபோது நான் தாளை நீட்டுவதற்கு முன்னாலேயே அண்ணி கையை நீட்டினார். "இந்தப் புள்ள மூச்சுக்கு நான்தானே காவல் காத்தேன். மொதக் கையெழுத்து எனக்குத்தான்" என்றார். உங்களுக்கு இது தெரியும். உங்கள் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

இப்போது மிஹோ பள்ளியில் நெடுந்தூர ஓட்டம் ஓடுகிறாள். அந்தச் சட்டத்துக்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன் அண்ணா. அண்ணி போனதற்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் மண்டியிட்டுக் கேட்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்லலாம்.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. உங்கள் காரில் இருப்பது முள் டயர்தானே? மரம் விழுந்து உங்கள் இடது கால் போனதிலிருந்து உங்களிடம் ஊனமுற்றோர் அட்டை இருக்கிறது. பனியில் சிக்கினால் இறங்கிச் சங்கிலி மாட்ட முடியாதவர் என்ன செய்வார்? அப்படிப்பட்டவர் ஓட்டும் வண்டிக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அந்தக் கார் வாசலிலேயே நிற்கும்போது, அண்ணி ஏன் தன்னுடைய முள் இல்லாத குட்டிக் காரை எடுத்துக்கொண்டு போனார்?

தொமோயே

*

தொச்சிகுபோ
பிப்ரவரி 28

தொமோயேவுக்கு,

போலீஸ்காரனும் இதையே கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள்.

விபத்துக்கு முந்தைய நாள் இங்கே மழை. பனிக்காலத்தில் பெய்யும் மழை எப்படி என்று உனக்குத் தெரியும். விடிவதற்குள் எல்லாம் உறைந்துவிட்டது. கணவாய் முழுக்கக் கண்ணாடி. அவளுக்குக் கீழே டவுனில் மழலைப் பள்ளிச் சமையலறையில் வேலை. போகாவிட்டால் பிள்ளைகளுக்கு மதியச் சோறு இல்லை. வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே வெயில் அடித்துச் சாலை காய்ந்திருக்கிறது என்றார்கள்.

சட்டம் உனக்கு மனப்பாடம். காய்ந்த தாரில்தான் முள் டயர் கூடாது. பனி இருந்தால், உறைந்திருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். நல்ல சட்டம்தான். ஆனால் எங்கள் வீட்டு வாசலில் பனி, டவுனில் காய்ந்த தார். பாதி வழியில் உட்கார்ந்து டயரைக் கழற்றி மாட்ட முடியுமா? என் வண்டியை நான் ஓட்டினால் எங்கேயும் குற்றமில்லை. அவள் ஓட்டினால் டவுன் எல்லையைத் தொட்டதும் குற்றம்.

நான் சொன்னேன், "என் வண்டிய எடுத்துட்டுப் போ. ஒரு நாளைக்கு எவன் பார்க்கப் போறான்?"

அவள் காலணி மாட்டிக்கொண்டே சொன்னாள், "பார்க்க வேற வேணுமாக்கும். கடகடன்னு சத்தம் போடுமே, அது போதாதா? தொமோயேவோட அண்ணியே முள் டயர்ல வர்றாள்னு டவுனே சொல்லும். அந்தப் பொண்ணு பனியில நின்னு நின்னு வாங்கின சட்டம்ங்க இது. நானே போய் மிதிச்சா நல்லாவா இருக்கு?"

நான் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். அந்த வாரம் முழுக்க வெட்டுப்பட்ட இடம் வீங்கி, கட்டைக் கால் ஏறவே இல்லை. "ஒத்தக் காலோட நீங்க வந்து, உங்கள யார் தூக்கிக்கிட்டு வர்றது? பேசாம படுங்க. நான் மெதுவாப் போறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மெதுவாகத்தான் போயிருக்கிறாள். எதிரே மண் லாரி. அவன் நிறுத்திவிட்டான். அவள் வண்டி நிற்கவில்லை. அவளுடைய முள் இல்லாத பனி டயர் பழையது, ரப்பர் கட்டையாகிவிட்டது என்று போலீஸ்காரன் சொன்னான். மாற்றவேண்டும் என்று போன வருஷமே பேசினோம். முள் இருந்தால் நின்றிருக்குமா என்று அவனைக் கேட்டேன். "நின்னிருக்கலாம், நிக்காமலும் போயிருக்கலாம்" என்றான். சின்னப் பையன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

உன்மேல் கோபம் இல்லை. கோபம் வந்தால் தேவலை என்றுகூட நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

கென்ஸோ

*

சென்தாய்
மார்ச் 7

அண்ணாவுக்கு,

சமையலறையில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் மீன் கருகியது எனக்குத் தெரியவில்லை. மிஹோதான் ஓடிவந்து அணைத்தாள். யார் கடிதம் என்று கேட்டாள். மாமா எழுதியிருக்கிறார், பனி ஜாஸ்தியாம் என்று சொன்னேன்.

காய்ந்த தாரில் மட்டும் என்ற அந்த விளக்கத்தைத் துண்டுத்தாளில் எழுதியவள் நான்தான். மலையில் இருக்கிறவர்கள் பயப்படக் கூடாது, பனியில் தடையே இல்லை என்று தைரியம் சொல்ல எழுதினேன். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். அண்ணி வழுக்கியது கணவாயில். அங்கே தடை இல்லை. அவர் பயந்த காய்ந்த தார் இன்னும் எவ்வளவோ கீழே இருந்தது. தடை இல்லாத இடத்தில் போய்விட்டார். இதை எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் கை அப்படியே நிற்கிறது.

அண்ணி என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பெயராவது ஊராவது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று கத்தியிருப்பேன். இப்படி எழுதிவிட்டு யோசிக்கிறேன். கத்தியிருப்பேனா? எங்கள் குழுவில் ஒருத்தியின் கணவர் போன டிசம்பரில் முள் டயரோடு வந்து நின்றார். எல்லோர் முன்னாலும் நான் அவரைப் பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. அண்ணி அன்றைக்கு இங்கே வந்திருந்தார். ஓரமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போடுங்கள், போடாமல் இருங்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு இனிமேல் வாய் இல்லை. எலும்பு வைக்கும் நாளுக்கு வரலாமா என்று மட்டும் மறுபடியும் கேட்கிறேன். வெட்கம் கெட்டுத்தான் கேட்கிறேன்.

தொமோயே

*

தொச்சிகுபோ
மார்ச் 22

தொமோயேவுக்கு,

கூட்டம் நேற்று முடிந்தது. பொதுக்கூடத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள், மற்றவர்கள் கீழே. ஓபா மனுவைப் படித்தான். நன்றாகத்தான் எழுதியிருந்தான். சுமியேயின் பெயர் மூன்று இடத்தில் வந்தது. ஒவ்வொரு தடவையும் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்துப் பேனாவை என்னிடம் நீட்டினான். "சொல்லு கென்ஸோ. முள் டயர் இருந்திருந்தா உம் பொண்டாட்டி இன்னிக்கு உசுரோட இருப்பாளா, மாட்டாளா?"

"இருந்திருக்கலாம்" என்றேன். "ஆனா முள் டயர் வாசல்லயே நின்னுச்சுய்யா. சாவியக் கையில குடுத்தேன். வேணாம்னு வச்சுட்டுப் போனா. இப்ப நான் இதுல கையெழுத்துப் போட்டா, அவ ஒரு பைத்தியக்காரின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

ஓபா கேட்டான், "அப்ப எம் மருமகளும் அதே ரோட்டுலதான் தினம் போறா. அவளும் போகட்டுமா?" கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவன் கெட்டவன் இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். முதல் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மற்றவர்கள் அடியில் போட்டுக்கொண்டார்களாம். கூரைப் பனியைத் தள்ள இனி யாரும் வர மாட்டார்கள். நல்லவேளை, இனிப் பெரிய பனி இல்லை.

உனக்காகச் செய்தேன் என்று எண்ணிக்கொள்ளாதே. உன் சட்டம் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. அவள் சரி என்று நினைத்தாள். அவள் நினைத்ததை நான் அழிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை எலும்பு வைக்கிறேன். நாளைத்தான் சொல்கிறேன். வா என்று சொல்லவில்லை. நீ வந்தால் ஊர் உன்னை ஏதாவது சொல்லும். நான் உன் பக்கத்தில் வந்து நிற்கவேண்டும். என்னால் நிற்க முடியுமா என்று தெரியவில்லை.

கென்ஸோ

*

கணவாய் அடிவாரம், சோபா நூடுல்ஸ் கடை மாடி
ஏப்ரல் 17

அண்ணாவுக்கு,

கடைசி பஸ்ஸின் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மேலே உங்கள் ஊரில்தான் இரவு தங்குவாராம்.

நீங்கள் வா என்று சொல்லவில்லை. வந்துவிட்டேன். தனியாக, என் காரில். சென்தாயில் செர்ரி பூத்துவிட்டது. பக்கத்து வீடுகளில் எல்லாம் பனி டயரைக் கழற்றிவிட்டார்கள். நம் வண்டியிலும் மாற்றிவிடட்டுமா என்று என் கணவர் கேட்டார். மலைக்குப் போகிறேன், வேண்டாம் என்றேன். நல்லதாய்ப் போயிற்று. கணவாயில் ஏறத் தொடங்கியதும் பனி பிடித்துக்கொண்டது. ஏப்ரலில் இப்படி ஒரு பனி.

மெதுவாக ஏறினேன். ஒரு வளைவில் வழிப்போக்கரைக் காக்கும் கல் ஜிஸோ சிலை இருக்கிறதே, சிவப்புத் துணி கட்டியது, அங்கே தடுப்புக் கம்பி நசுங்கி வெளியே மடங்கியிருந்தது. பார்த்ததும் இங்கேதான் என்று தெரிந்துவிட்டது. வண்டி வழுக்கவில்லை. கொஞ்சம்கூட வழுக்கவில்லை. என் கால்தான் நின்றுவிட்டது. மிதிக்கச் சொன்னால் மிதிக்க மாட்டேன் என்கிறது. நடு ரோட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "நல்ல பனி டயரால்ல போட்டிருக்கே. இதுக்குப் போய் இப்படி நடுங்குறியேம்மா?" என்றார். எனக்கே அதைச் சொல்கிறார். இந்த டயர் போதும், முள் வேண்டாம், பயப்படாதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசியவள் நான். அவர்தான் லாரியை ஓரங்கட்டிவிட்டு என் வண்டியைத் திருப்பி இங்கே கொண்டுவந்து விட்டார்.

காலையில் பஸ் இருக்கிறது. ஏறி வந்துவிடலாம். ஆனால் அந்த வளைவை அந்நியர்களோடு உட்கார்ந்து தாண்ட என்னால் முடியாது. வந்து கூட்டிக்கொண்டு போங்கள் அண்ணா. உங்கள் முள் டயர் வண்டியில். இப்படிக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

வர முடியாது என்றாலும் சரி. இங்கேயே இருந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன். அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டார்.

தொமோயே

*

தொச்சிகுபோ
ஏப்ரல் 18, காலை

தொமோயேவுக்கு,

முதல் பஸ்ஸில் இது உனக்கு வந்து சேரும். சூடாக ஏதாவது சாப்பிடு. உன் வண்டியை அங்கேயே விட்டுவிடு. சோபாக் கடைக்காரர் தெரிந்தவர்தான், ஒன்றும் சொல்ல மாட்டார். இங்கே முற்றத்தில் பனியைத் தள்ளிவிட்டுப் புறப்படுகிறேன். கோயில் குருவிடம் மதியத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் ஏன் என்று கேட்டார். தங்கை வருகிறாள் என்றேன்.

நீ நின்ற வளைவு அது இல்லை. ஜிஸோ பக்கத்துக் கம்பியை நசுக்கியது பனி தள்ளும் வண்டி. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அப்படித்தான் இருந்தது, நீதான் மறந்துவிட்டாய். சுமியே போனது அதற்கும் மேலே, காட்டாற்றுப் பாலம் தாண்டி. அங்கே கம்பியும் இல்லை, சிலையும் இல்லை. பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும்போதெல்லாம் அந்த இடத்தை நான் தாண்டித்தான் போகிறேன். ஒரு தடவைகூட அங்கே வண்டியை நிறுத்தியதில்லை.

இன்றைக்கு நிறுத்துகிறேன். நீ என்னைப் பிடித்து இறக்கிவிடு.

கென்ஸோ